அண்ணன் பாடுற பக்கம்



"ஃபைனல் இயர் எல்லாரும் ஆளுக்கு ஒரு கட்டுரை குடுத்துட்டுத்தான் காலேஜை விட்டுப் போகணும்"னு நம்ம எடிட்டர் குரூப்பில் மெசேஜ் போட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ப்ளூ டிக் காட்டிக் கொடுத்துவிட்டது. கேன்டீன் பரோட்டாவைப் பற்றி ஒருத்தன் எழுதிக்கொண்டிருக்கிறான். ஹாஸ்டல் தண்ணிப் பிரச்சினையை இன்னொருத்தன் எடுத்துக்கொண்டான். எனக்கு மிச்சம் இருந்தது பாட்டு. அதிலும் நான் பிறப்பதற்கு 6 வருஷம் முன்னாடி, 1998 நவம்பரில் வந்த ஓர் இங்கிலீஷ் ராக் ஆல்பம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு ஒரு சப்ஜெக்ட்டாக மட்டும்தான் இருந்தது, அதுவும் பயமுறுத்துகிற சப்ஜெக்ட். ல, ள, ழ எங்காவது இடம் மாறியிருந்தால் மன்னித்துவிடுங்கள். ராக் மியூசிக் பிடிக்காதவர்களும் பயப்பட வேண்டாம். இதில் பாதி என் அண்ணனைப் பற்றியது.

ஆல்பத்தின் பெயர் 'தி மாஸ்டர்பிளான்'. இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஊரைச் சேர்ந்த ஒயேசிஸ் என்கிற பேண்ட் போட்டது. 'வொண்டர்வால்' பாட்டைக் கேட்டிருப்பீர்கள். கிட்டார் வாங்கிய எல்லாரும் முதல் மாசம் அதைத்தான் வாசிப்பார்கள். நம்ம ஹாஸ்டலில் சி பிளாக் மாடியில் வாரத்துக்கு ஒரு தடவையாவது அது கேட்கும். அதே பேண்ட்தான். ஆனால் இந்த ஆல்பத்தில் 'வொண்டர்வால்' கிடையாது. 'வொண்டர்வாலு'க்குப் பின்பக்கம் இருந்த பாட்டுகள்தான் இருக்கின்றன.

பின்பக்கம்னா என்ன? நம்ம வயசுக்கு இது விளக்க வேண்டிய விஷயம். எனக்கே அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

1949-இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனி 7 அங்குல இசைத்தட்டைக் கொண்டு வந்தது. நிமிஷத்துக்கு 45 சுற்று. பக்கத்துக்கு ஒரு பாட்டு. ரேடியோவில் ஓட வேண்டிய, கடையில் விற்க வேண்டிய பாட்டை முன்பக்கம் போடுவார்கள். அது ஏ சைடு. தட்டுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறதே, அதைக் காலியாக விட முடியாது என்று ஒரு பாட்டைப் போடுவார்கள். அது பி சைடு. எங்க அப்பாவிடம் இருந்த கேசட்டிலும் ஏ சைடு, பி சைடு உண்டு. ஆனால் அதில் பி சைடு என்றால் பாதிப் பாட்டு முடிந்து திருப்பிப் போடுவது, அவ்வளவுதான். யாரும் மட்டமாக நினைத்ததில்லை. சிங்கிள் இசைத்தட்டில் அப்படியில்லை. பி சைடு என்றாலே 'இது போதும்' என்று போட்டது என்றுதான் அர்த்தம்.

சில நேரம் கணக்கு தப்பும். 'ஐ வில் சர்வைவ்' என்ற பாட்டு உலகம் முழுக்கத் தெரியும் இல்லையா? 1978-இல் அது ஒரு பி சைடாகத்தான் முதலில் வெளியே வந்தது. டிஸ்கோவில் தட்டு ஓட்டினவர்கள் திருப்பிப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். முன்பக்கம் இருந்த பாட்டை இன்றைக்கு யாரும் தேடுவதில்லை.

சி.டி. வந்த பிறகு திருப்புவதற்குப் பக்கமே இல்லை. ஆனாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1990-களில் இங்கிலாந்தில் ஒரு சிங்கிள் சி.டி. வாங்கினால் மெயின் பாட்டோடு இன்னும் இரண்டு மூன்று பாட்டு இருக்கும். பல பேண்டுகள் அந்த இடத்தில் ரீமிக்ஸையோ, ஏதாவது கச்சேரிப் பதிவையோ போட்டு நிரப்பிவிடும். ஒயேசிஸ் பெரும்பாலும் புதுப்பாட்டுகளைப் போட்டது. அதுவும் சும்மா பாட்டு இல்லை.

1995-இல் 'சம் மைட் சே' என்று ஒரு சிங்கிள் வந்தது. இங்கிலாந்தில் ஒயேசிஸின் முதல் நம்பர் ஒன் பாட்டு அதுதான். அதற்குப் பின்னால் இருந்த மூன்று பாட்டுகள்: 'அக்வியெஸ்', 'டாக் டுநைட்', 'ஹெட்ஷ்ரிங்கர்'. மூன்றுமே பிறகு 'தி மாஸ்டர்பிளா'னுக்கு வந்துவிட்டன. அதற்கு முந்தைய வருஷம் வந்த 'சிகரெட்ஸ் அண்ட் ஆல்கஹால்' சிங்கிளின் மூன்று பி சைடும் அப்படியே இதில் இருக்கின்றன. 1994-லிருந்து 1997 வரை 8 சிங்கிள்களின் பின்பக்கத்திலிருந்து பொறுக்கி எடுத்த 14 பாட்டுகள். கழித்துப்போட்ட பாட்டுகளின் தொகுப்பு என்று சொல்லலாம். ஆனால் அந்த ஆல்பம் இங்கிலாந்து சார்ட்டில் 2-ஆம் இடம் வரை போனது.

இப்ப அண்ணன் கதைக்கு வருகிறேன்.

அண்ணன் எனக்கு 6 வருஷம் மூத்தவன். அவனும் இந்த ஆல்பமும் ஒரே வருஷம். 2015-இல் மெக்கானிக்கல் சேர்ந்தான். லீவுக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கை டவலில் சுற்றிக் கொண்டு வருவான். அவன் ஹாஸ்டல் லேனில் டி.சி. பிளஸ் பிளஸ் போட்டு ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டதெல்லாம் அதில் இருக்கும். (ஆமாம், தப்புதான். இப்ப நான் ஸ்பாட்டிஃபையில்தான் கேட்கிறேன்.) எங்க வீடு திண்டுக்கல்லில். இரண்டு ரூம் வீடு. ராத்திரி அம்மா அப்பா தூங்கினதும் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு படுத்திருப்போம். எனக்கு எப்பவும் இடது பக்கம்தான் கிடைக்கும். அதனால் ரொம்ப நாள் நான் கேட்ட பாட்டெல்லாம் பாதிப் பாட்டு. சில பாட்டில் ஒரு கிட்டார் வலது பக்கம் மட்டும் வரும் என்பது எனக்குக் காலேஜ் வந்து சொந்தமாக ஹெட்போன் வாங்கின பிறகுதான் தெரிந்தது.

அவன் 2019-இல் படிப்பை முடித்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்தான். 2020-இல் கொரோனா வந்ததும் ட்ரெய்னிகளை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் டி.என்.பி.எஸ்.சி. படிக்க ஆரம்பித்தான். குரூப் 4 எழுதினான். குரூப் 2-வில் ஒரு தடவை மெயின்ஸ் வரை போனான். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான். சாயங்காலம் 6-ஆம் வகுப்பிலிருந்து 10-ஆம் வகுப்பு வரை தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறான். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள், "மூத்தவன் என்ன பண்றான்?" என்று கேட்கும்போது அம்மா என்ன சொல்வார்கள் தெரியுமா? "சின்னவன் இன்ஜினியரிங் ஃபைனல் இயர் படிக்கிறான்" என்பார்கள். கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று. எல்லாருக்கும் புரிந்துவிடும். மேலே கேட்க மாட்டார்கள்.

ஒயேசிஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். அந்த பேண்டும் அண்ணன் தம்பி கதைதான். அண்ணன் நோயல் காலகர், 1967-இல் பிறந்தவர். தம்பி லியாம், 1972. ஏறக்குறைய எல்லாப் பாட்டையும் எழுதுவது அண்ணன். பாடுவது தம்பி. தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி, மைக்கை அண்ணாந்து பார்த்துப் பாடுவார். எல்லார் கண்ணும் அவர் மேல்தான். அண்ணன் ஓரமாக நின்று கிட்டார் வாசிப்பார்.

முதல் மூன்று ஆல்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இல் வந்த முதல் ஆல்பத்தில் நோயல் தனியாகப் பாடிய பாட்டு ஒன்றுகூட இல்லை. 1995-இல் வந்த இரண்டாவதில் ஒன்றே ஒன்று, 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்'. 1997-இல் மூன்றாவதில் இன்னும் ஒன்று. அவ்வளவுதான். மூன்று ஆல்பத்துக்கு இரண்டு பாட்டு.

'தி மாஸ்டர்பிளா'னில்? 14 பாட்டில் நான்கு பாட்டை அண்ணனே பாடுகிறார். 'டாக் டுநைட்', 'கோயிங் நோவேர்', 'ஹாஃப் த வேர்ல்டு அவே', 'தி மாஸ்டர்பிளான்'. இது போக 'அக்வியெஸ்' பாட்டில் சரணத்தைத் தம்பி பாட, பல்லவிக்கு அண்ணன் வந்து சேர்ந்துகொள்கிறார். அதாவது, அண்ணன் குரலைக் கேட்கணும்னா நீங்க பின்பக்கத்துக்குத்தான் வரணும். யாரும் எண்ணிப் பார்க்காத இடத்தில்தான் அவர் பாடியிருக்கிறார்.

இதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். அண்ணன் எனக்குச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசிக்கிறேன்.

'டாக் டுநைட்' எப்படி வந்தது என்று பாருங்கள். 1994 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் விஸ்கி எ கோ கோ என்ற இடத்தில் ஒரு கச்சேரி. எல்லாமே சொதப்பல். மேடையிலேயே அண்ணன் தம்பிக்குள் சண்டை. நோயல் யாரிடமும் சொல்லாமல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பிப் போய்விட்டார். பேண்ட் அன்றோடு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். அங்கே ஒரு பெண் அவரைப் பார்த்துக்கொண்டு, சாப்பிட வைத்து, பேசித் தேற்றித் திருப்பி அனுப்பினார். அந்த ராத்திரியைப் பற்றிய பாட்டுதான் 'டாக் டுநைட்'. ஒரு கிட்டார், ஒரு குரல், கூடக் கொஞ்சம் சத்தம். பெரிய ஆல்பத்துக்குள் வைத்திருந்தால் அந்தப் பாட்டு கூச்சப்பட்டுக்கொண்டு நின்றிருக்கும். பின்பக்கத்தில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது.

அதே பயணத்தில்தான் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் என்ற ஊரில் 'ஹாஃப் த வேர்ல்டு அவே' பாட்டைப் பதிவு செய்தார்கள். ஊரைவிட்டு எங்கேயாவது போய்விடணும், ஆனால் கால் நகரவில்லை என்கிற மாதிரி ஒரு பாட்டு. 1998-இல் இங்கிலாந்தில் 'தி ராயல் ஃபேமிலி' என்று ஒரு டி.வி. காமெடித் தொடர் வந்தது. மான்செஸ்டரில் ஒரு சாதாரணக் குடும்பம் சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டே பேசும், அதுதான் கதை. அதன் டைட்டில் பாட்டு இதுதான். யாரோ போட்டு நிரப்பின ஒரு பி சைடு, வாரா வாரம் அந்த நாட்டு வீடுகளின் ஹாலில் ஓடியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'ஐ ஆம் த வால்ரஸ்' என்ற பீட்டில்ஸ் பாட்டை ஒயேசிஸ் நீளமாக இழுத்து வாசித்திருக்கிறார்கள். அந்தப் பாட்டே 1967-இல் பீட்டில்ஸ் போட்ட ஒரு சிங்கிளின் பி சைடு. பி சைடுக்கு ஒரு பி சைடு.

எல்லாமே நல்ல பாட்டு என்று அளக்க மாட்டேன். 'தி ஸ்வாம்ப் சாங்' வெறும் வாத்தியம், நாலு நிமிஷம் எனக்கு அதிகம். 'ஹெட்ஷ்ரிங்கர்' சத்தமாக இருக்கிறது, அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. அண்ணன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். ஆனால் கடைசிப் பாட்டான 'தி மாஸ்டர்பிளா'னுக்கு வரும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். வயலின், டிரம்பெட் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி வரும். நடுவில் நோயல் குரல் அவசரமே இல்லாமல் போகும். இந்தப் பாட்டு 'வொண்டர்வால்' சிங்கிளின் பின்பக்கம். உலகமே முன்பக்கத்தைப் பாடிக்கொண்டிருந்தபோது, அதே சி.டி.யில் இது சும்மா இருந்திருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். 1996 ஆகஸ்டில் நெப்வொர்த்தில் இரண்டு நாளில் சுமார் 2,50,000 பேர் முன்னால் வாசித்தார்கள். அடுத்த வருஷம் மூன்றாவது ஆல்பம், 'பி ஹியர் நவ்'. காசுக்குக் குறைவில்லை, நேரத்துக்குக் குறைவில்லை, நாடே காத்திருந்தது. கிட்டார் மேல் கிட்டார் அடுக்கினார்கள். ஒரு பாட்டு 9 நிமிஷத்தைத் தாண்டியது. வெளியான முதல் நாளே லட்சக்கணக்கில் விற்றது. கொஞ்ச நாளில் எல்லாருக்கும் சலித்தும்விட்டது. நோயலே பிறகு அதைத் திட்டியிருக்கிறார். நல்ல பாட்டுகளையெல்லாம் பின்பக்கத்தில் செலவழித்துவிட்டாரே, மூன்றாவது ஆல்பத்துக்கு எடுத்து வைத்திருக்கலாமே என்று ரசிகர்கள் இன்றைக்கும் புலம்புவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடுத்து வைத்திருந்தால் அவற்றின் மேலும் பத்து கிட்டாரை அடுக்கியிருப்பார். யாரும் பார்க்கவில்லை என்பதால்தான் அவை அப்படியே தப்பித்தன.

சரி, இதெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன செப்டம்பரில் நடந்த ஒரு விஷயத்துக்காக.

பிளேஸ்மென்ட் சீசன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆப்டிட்யூடில் நான் ரொம்ப வீக். இரண்டு கம்பெனியில் முதல் ரவுண்டிலேயே வெளியே வந்தேன். அப்புறம் தினமும் ராத்திரி 10 மணிக்கு அண்ணன் போன் பண்ண ஆரம்பித்தான். டைம் அண்ட் வொர்க், ரயில் கணக்கு, வட்டிக் கணக்கு எல்லாம் டி.என்.பி.எஸ்.சி.க்கும் உண்டு. அவன் அதை ஐந்து வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். "ஃபார்முலாவை விடுடா, மொத்த வேலையை எல்.சி.எம்.மா வச்சுக்கோ" என்று வாட்ஸ்அப்பில் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவான். மூன்று வாரம். மூன்றாவது கம்பெனியில் ஆப்டிட்யூட் கிளியர். டெக்னிக்கல் கிளியர். கடைசியாக எச்.ஆர். ரவுண்டு.

உள்ளே ஒரு மேடம் இருந்தார்கள். நல்ல மாதிரி. "உங்க ஃபேமிலி பத்தி சொல்லுங்க" என்றார்கள். அப்பா என்ன செய்கிறார், அம்மா ஹவுஸ்வைஃப் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "அண்ணன்?" என்றார்கள்.

"ஒரு ஆட்டோமொபைல் கம்பெனியில டிசைன் இன்ஜினியரா இருக்கார் மேம்."

யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "ரீலொகேட் பண்ண ஓகேவா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதே மாதிரிதான் தலையை ஆட்டியிருப்பார்கள். யாருமே கேட்காத ஒரு பொய்யை நானாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ரிசல்ட். செலக்டட். போன் பண்ணினால் அம்மா அழுகிறார்கள், அப்பா "சரி சரி" என்கிறார், பின்னால் பெரியம்மா குரல் கேட்கிறது. கடைசியில் அண்ணன் வாங்கினான். "எல்.சி.எம். வேலை செஞ்சுச்சா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வேறு எதுவும் பேச முடியவில்லை. ரூமில் எல்லாரும் ட்ரீட் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் மாடிக்குப் போய் ஹெட்போனை மாட்டினேன். ஷஃபிளில் ஏதோ ஓடி, 'அக்வியெஸ்' வந்தது. தம்பி பாடுகிறார். பல்லவியில் அண்ணன் வருகிறார். நூறு தடவை கேட்ட பாட்டு. தம்பி குரலால் எட்ட முடியாத உயரத்தில் அண்ணன் குரல் ஏறி நிற்கிறது. அதை அன்றைக்குக் கேட்க முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.

அந்தப் பாட்டு ஒருத்தருக்கு ஒருத்தர் தேவை என்பதைப் பற்றியது. அண்ணன் தம்பியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று எல்லாரும் நினைக்க, நோயல் இல்லை, அது நட்பைப் பற்றியது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக்கூட ஒத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் அண்ணன் தம்பி என்று நினைக்கிறேன்.

நான்கு மாசம் யாரிடமும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். டியூஷன் பிள்ளைகள் போன பிறகு இரண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். அவன் போனில் ஒயேசிஸ் ரீயூனியன் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2009 ஆகஸ்டில் பாரிஸில் ஒரு கச்சேரிக்கு முன்னால் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள், 2025 ஜூலை 4-ஆம் தேதி கார்டிஃபில் மறுபடி ஒரே மேடைக்கு வந்தார்கள். அன்றைக்கு 23 பாட்டு. அதில் ஐந்து பாட்டு 'தி மாஸ்டர்பிளான்' ஆல்பத்திலிருந்து. இரண்டாவது பாட்டே 'அக்வியெஸ்'. ஸ்டேடியம் முழுக்க ஆட்கள் ஒரு பி சைடை மனப்பாடமாகப் பாடுகிறார்கள்.

அந்த வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். "அண்ணே, எச்.ஆர். ரவுண்டுல உன்னைப் பத்தி ஒரு பொய் சொல்லிட்டேன்."

முழுசாகக் கேட்டான். போனைக் கீழே வைக்கவில்லை. "டிசைன் இன்ஜினியரா? சம்பளம் எவ்வளவுன்னு சொன்ன?" என்றான். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் வீடியோவைக் காட்டி, "இவனுங்க சேர்றதுக்கு 16 வருஷம் ஆச்சு. நீ நாலு மாசத்துல வந்து சொல்லிட்ட. பரவாயில்ல விடு" என்றான். அவனுக்கு வலித்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வலித்திருக்கும். கீழே இறங்கும்போது, "அம்மாகிட்ட இதைச் சொல்லாத, அவங்களும் அதையே சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க" என்று மட்டும் சொன்னான்.

இந்தக் கட்டுரையை முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். ரெஸ்யூமே ஒரு ஏ சைடு, வாழ்க்கை ஒரு பி சைடு, வீட்டுக்கு நான் ஏ சைடு, அண்ணன் பி சைடு என்று நீளமாகப் போனது. அவன் பெயர் வராவிட்டாலும் அவனைப் பற்றியது என்பதால் அவனிடம் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "மனுஷங்களுக்கு சைடு எல்லாம் கிடையாதுடா. பாட்டைப் பத்தி மட்டும் எழுது. நடந்ததை வேணா எழுது." கூடவே மூன்று இடத்தில் ல, ள திருத்தியிருந்தான். அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டேன்.

இன்னொரு விஷயம் இப்போதுதான் தெரிய வந்தது. அவன் ஹார்ட் டிஸ்க்கில் அந்த ஆல்பத்தின் ஃபோல்டரில் 15 பாட்டு இருக்கும். நான் இத்தனை வருஷமும் ஆல்பத்தில் 15 பாட்டு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கட்டுரைக்காகச் சரி பார்த்தபோது 14-தான். 15-ஆவதாக இருந்தது 'ரவுண்ட் ஆர் வே'. அதுவும் 'வொண்டர்வால்' சிங்கிளில் வந்த பி சைடுதான். தங்கள் தெருவைப் பற்றி, டிரம்பெட் எல்லாம் வைத்து ஜாலியாக ஒரு பாட்டு. தொகுப்பில் அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். போன் பண்ணிக் கேட்டேன். "அதை எப்படிடா விட முடியும்? நான்தான் உள்ள போட்டு 15-னு நம்பர் குடுத்தேன்" என்றான். பின்பக்கத்தில் இருந்து பொறுக்கும்போதும் விட்டுப்போன ஒன்றை, திண்டுக்கல்லில் ஒருத்தன் எடுத்து வைத்திருக்கிறான்.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஜாயினிங் ஃபார்ம் வந்தது. ஃபேமிலி டீடெயில்ஸ் என்று ஒரு பெட்டி. உடன்பிறந்தவர், தொழில் என்ற கட்டத்தில், 'டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகிறார், டியூஷன் எடுக்கிறார்' என்று நிரப்பினேன். கட்டம் சின்னது. எழுத்து வெளியே வழிந்துவிட்டது. அப்படியே அனுப்பிவிட்டேன். இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நீங்க ஆல்பத்தைக் கேட்பதாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். முதலில் 'அக்வியெஸ்'. அப்புறம் ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு 'டாக் டுநைட்', 'ஹாஃப் த வேர்ல்டு அவே'. கடைசியில் 'தி மாஸ்டர்பிளான்'. இதற்கு மேல் பிடித்தால் மீதியை வரிசையாகக் கேளுங்கள். 14 முடிந்ததும் 'ரவுண்ட் ஆர் வே' போட மறக்காதீர்கள். எங்க வீட்டில் அது 15-ஆவது பாட்டு.

முடிந்தால் இரண்டு காதிலும் மாட்டிக் கேளுங்கள். ஒரே இயர்போன்தான் இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்றால் பாதியாகக் கேட்டாலும் பரவாயில்லை.